கார் ஷெட்டில் ஒரு விமானம்: கிட் கட்டுமானம் எப்படி நடக்கிறது, எங்கே பிசகுகிறது

அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கான சிறு விமானங்கள் வீட்டுக் கார் ஷெட்டுகளில் கட்டி முடிக்கப்படுகின்றன. வளைத்து, துளையிட்டு, எண் குறித்த பாகங்கள் 'கிட்' என்னும் தொகுப்பாகப் பெட்டிகளில் வந்து இறங்கும். வேலை முடிந்து வந்த மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும் ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து விமானமாக்குவார். கட்டியதை அவரே ஓட்டலாம், குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பறக்கலாம். சட்டம் இதை எப்படி அனுமதிக்கிறது, எந்த இடத்தில் கை பிசகினால் ஆபத்து, இதைச் சுற்றி ஏன் இவ்வளவு நெருக்கமான ஒரு கூட்டம் உருவானது என்ற மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியவை.

தொழிற்சாலை விமானத்தின் வடிவமைப்பை எஃப்ஏஏ என்னும் மத்திய விமானத்துறை நிர்வாகம் முழுதாகச் சோதித்துச் சான்று தரும். அதன்பின் ஒவ்வொரு விமானமும் ஆலையின் பரிசோதகர் கையெழுத்தோடுதான் வெளியே வரும். வீட்டில் கட்டியதற்கு இந்த இரண்டுமே கிடையாது. பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டுமே ஒருவர் கட்டியிருந்தால், அதைச் 'சோதனை' வகையில் பதிவு செய்து பறக்கலாம் என்கிறது விதி. அதற்கு ஈடாக, ஏறும் வழிக்கு அருகே 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற சொல்லைக் குறைந்தது இரண்டு அங்குல உயர எழுத்தில் எழுத வேண்டும். இந்த விமானம் வழக்கமான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதில்லை என்ற அறிவிப்பும் பயணியின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். ஆலையில் தரப் பரிசோதனைத் துறை செய்யும் வேலையை இங்கே யார் செய்வது? பக்கத்து ஊரில் இதே விமானத்தை முன்பே கட்டி முடித்தவர்தான். கிட் விமானக்காரர்களின் நட்பு வட்டத்தைப் புரிந்துகொள்ள இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

'பெரும்பகுதி' என்பதைப் பேச்சுவழக்கில் 51 சதவீத விதி என்பார்கள். இது எடைக் கணக்கோ, மணிக் கணக்கோ, பணக் கணக்கோ இல்லை. எஃப்ஏஏவின் சரிபார்ப்புப் பட்டியலில் இறக்கை, வால், உடல், சக்கரத் தொகுதி என்று பகுதி பகுதியாக வேலைகள் வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு வேலையையும் கிட் நிறுவனம் செய்ததா, கூலிக்கு வந்த உதவியாளர் செய்தாரா, கட்டுபவர் செய்தாரா என்று பிரித்துப் புள்ளி போடுவார்கள். இறக்கைக்கு வடிவம் தரும் விலாத்தகடான ரிப் ஒன்றைச் செய்து காட்டினால் அந்த வேலை தெரியும் என்று அர்த்தம்; எல்லா ரிப்பையும் அவரே செய்திருக்க வேண்டியதில்லை. எஞ்சினும் புரொப்பெல்லரும் காக்பிட் மின்னணுக் கருவிகளும் இந்தக் கணக்கில் சேரா. அவற்றை விலைக்கு வாங்கலாம். பாதி கட்டப்பட்டு வரும் 'குவிக் பில்ட்' கிட்டுகள் சட்டத்துக்குள் அடங்குவது இப்படித்தான். பணம் வாங்காமல் உதவும் நண்பரின் உழைப்பு கட்டுபவர் பக்கம் சேரும். காசு கொடுத்து வைத்த ஆளின் உழைப்பு சேராது. பணம் கொடுத்து முழுதாகக் கட்ட வைத்துவிட்டுத் தாமே கட்டியதாகக் கையெழுத்திடுவது பொய்ச் சான்று, குற்றம். ஆகவே முதல் நாளிலிருந்தே தேதி, வேலை, நேரம் எழுதிய குறிப்பேடும், கட்டுபவர் வேலை செய்வது தெரியும் படங்களும் வேண்டும்.

எதைக் கட்டுவது? ரிவெட் என்னும் சிறு உலோக ஆணிகளை அடித்துத் தகடுகளை இணைத்த அலுமினிய விமானங்களே இன்று மிகுதி. அவற்றிலும் ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வென் 1973-இல் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி வரிசைதான் முன்னணி. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்வி விமானங்கள் கட்டிப் பறக்கவிடப்பட்டுள்ளன. எஃகுக் குழாய்ச் சட்டகத்தில் துணி போர்த்துவது கிட்ஃபாக்ஸ் வழி. ஃபோமை வெட்டிக் கண்ணாடியிழையும் பிசினும் பூசும் வழியை 1970-களில் பர்ட் ரூட்டன் வேரிஈசி விமானத்தின் மூலம் பரப்பினார். இழுத்து இறுக்கும் ரிவெட்டுகளால் கட்டும் ஜெனித், சோனெக்ஸ் போன்றவற்றுக்குக் கருவியும் குறைவு, நேரமும் குறைவு. நேரத்தைப் பொறுத்தவரை, எளிய கிட் எழுநூறு எண்ணூறு மணி நேரத்தில் முடியலாம். அடித்து இறுக்கும் ரிவெட் கொண்ட ஆர்வி-7 போன்றதற்கு ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரம் மணி ஆகும். வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்கினால் அது மூன்று நான்கு ஆண்டுகள்.

முழு கிட்டையும் ஒரேயடியாக வாங்கிவிடக் கூடாது. வால் பகுதி கிட்டை மட்டும் முதலில் வாங்குவது நல்ல வழக்கம். விமானம் கட்டத் தேவையான கைவேலையில் பெரும்பாலானது அதிலேயே வந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் சிறு இழப்போடு விலகிவிடலாம். அடுத்து இறக்கை, பிறகு உடல், கடைசியில் மூடியும் எஞ்சின் பொருத்தும் வேலைகளும். எஞ்சினுக்கான ஆர்டரை, காத்திருக்கும் காலத்தையும் கணக்கில் வைத்து, அது கடைசிக் கட்டத்தில் வந்து சேரும்படி கொடுக்க வேண்டும். ஓடாமல் மூலையில் கிடக்கும் எஞ்சினுக்குள் துருப்பிடிக்கும். உத்தரவாதக் காலமும் வீணாகக் கரையும். எஞ்சின், புரொப்பெல்லர், கருவிகள், பெயின்ட் எல்லாம் சேர்ந்தால் பெரும்பாலும் கிட்டின் விலையைத் தாண்டிவிடும். கிட் விலையை மட்டும் பார்த்து இறங்கியவர்களின் விமானங்கள்தான் பாதியில் விற்பனைக்கு வருகின்றன.

இனி கைவேலை. ஒரு ரிவெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நெருங்கிப் பார்த்தாலே இந்தத் தொழிலின் இயல்பு விளங்கும். ஆர்வி போன்ற ஒரு விமானத்தில் பதினாயிரத்துக்கும் மேல் ரிவெட்டுகள் உண்டு. பெரும்பாலும் இரண்டு அளவுகள்: 3/32 அங்குலமும் 1/8 அங்குலமும். வெளித்தோலில் வருவதற்குத் தலை தட்டையாக, தகட்டோடு தகடாக உட்கார வேண்டும். அதன் பெயர் ஏஎன்426ஏடி3-3.5 என்பது போல இருக்கும். 426 என்றால் 100 பாகைத் தட்டைத் தலை, ஏடி என்பது 2117 அலுமினியக் கலவை, 3 என்பது 3/32 அங்குல விட்டம், 3.5 என்பது நீளம், அங்குலத்தின் பதினாறில் மூன்றரைப் பங்கு.

துளை 3/32 ரிவெட்டுக்கு 40-ஆம் எண் டிரில், 1/8 ரிவெட்டுக்கு 30-ஆம் எண் டிரில். 30-ஆம் எண் டிரில் ஏறக்குறைய 3.26 மில்லிமீட்டர், ரிவெட் 3.18 மில்லிமீட்டர். அந்த மயிரிழை இடைவெளி வேண்டும் என்றே விடப்படுவது. அடிக்கும்போது ரிவெட்டின் உடல் வீங்கித் துளையை முழுதாக அடைத்துக்கொள்ளும். துளை பெரிதானால் வீங்க வேண்டிய உலோகம் துளையை நிரப்புவதிலேயே செலவாகி, மறுபக்கம் தலை கட்டப் போதாமல் போகும். துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்புக்குக் குறைந்தது ரிவெட் விட்டத்தின் இரண்டு மடங்கு தூரம் இருக்க வேண்டும். குறைந்தால் விளிம்பு கிழியும்.

துளை போட்டபின் பிசிறு எடுக்க வேண்டும். மிகவும் சலிப்பூட்டும் வேலை இதுதான், விட்டுவிடத் தோன்றும் வேலையும் இதுதான். பிசிறுள்ள விளிம்பில் அழுத்தம் குவிந்து, பறக்கும்போது ஏற்படும் அதிர்வில் அங்கிருந்தே விரிசல் தொடங்கும். பிசிறு இரண்டு தகடுகளை ஒட்டவிடாமலும் தடுக்கும். அளவுக்கு மீறிச் சுரண்டினாலோ துளை கூம்பாகிவிடும். கருவியை இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். மெல்லிய தகடுகளில் தட்டைத் தலை உட்கார டிம்பிள் போட வேண்டும். அதாவது ஆண் அச்சுக்கும் பெண் அச்சுக்கும் இடையே தகட்டை வைத்து அழுத்திக் குழிவாக்க வேண்டும். துளையின் விளிம்பு இழுபட்டு விரிவது இப்போதுதான். 2022, 2023 ஆண்டுகளில் வான்ஸ் நிறுவனம் வெளியே கொடுத்து லேசரால் வெட்டிய சில பாகங்களில், டிம்பிள் போட்டபோது துளை விளிம்பில் விரிசல் விட்டது. அந்தப் பாகங்களை மாற்றித்தரும் செலவும் ஒரு காரணமாகி, நிறுவனம் 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது; மறுசீரமைத்துக்கொண்டு 2024-இல் மீண்டது. கட்டுபவர்கள் தங்கள் மேசையில் பார்த்த விரிசல்களைப் படம் பிடித்துப் பகிர்ந்துகொண்டதால்தான் பிரச்சினையின் அளவு விரைவாகத் தெரியவந்தது.

தகடுகளை நிலையாகப் பிடித்துவைக்க கிளிக்கோ என்னும் ஸ்பிரிங் பிடிகள் உதவும். வெள்ளி நிறம் 3/32-க்கு, செம்பு நிறம் 1/8-க்கு. சில நூறாவது கைவசம் வேண்டும். பிறகு அடிப்பது. ஒருவர் வெளியே, காற்றழுத்தத்தில் இயங்கும் ரிவெட் துப்பாக்கியை ரிவெட்டின் தலையில் வைத்து அடிப்பார். மற்றவர் உள்ளே பக்கிங் பார் என்னும் கனத்த உலோகக் கட்டையை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிப்பார். அடிக்குமுன் ரிவெட்டின் வால், தகட்டுக்கு மேல் விட்டத்தின் ஒன்றரை மடங்கு நீட்டியிருக்க வேண்டும். அடித்தபின் உருவாகும் தலையின் அகலம் ஒன்றரை மடங்கு, உயரம் அரை மடங்கு. 1/8 ரிவெட்டில் அது ஏறக்குறைய 4.8 மில்லிமீட்டர் அகலம், 1.6 மில்லிமீட்டர் உயரம். துப்பாக்கி சாய்ந்தால் தலையில் பிறை வடிவக் காயம் விழும். பார் சாய்ந்தால் உள் தலை ஒருபக்கம் படுத்துவிடும். இருவருக்கும் இடையே பேச்சு முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்: பார் வைத்தவர் 'சரி' என்று சொன்னபின்தான் அடி. சொல்லாமல் அடித்தால் தகடு பள்ளமாகும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

புதிதாகக் கட்டுபவர்கள் செய்யும் பெரிய தவறு, கொஞ்சம் கோணலான ரிவெட்டையெல்லாம் பிடுங்கி எறிவது. தலையை டிரில் செய்து, உடைத்து, உடலைத் தட்டி எடுக்கும்போது டிரில் நழுவினால் வட்டத் துளை 8 வடிவமாகிவிடும். சுமாரான ரிவெட்டை எடுத்துவிட்டு மோசமான துளையை வாங்கிக்கொண்டதுதான் மிச்சம். அளவுக்குள் இருந்தால் விட்டுவிட வேண்டும். எது அளவுக்குள் என்று சொல்லத்தான் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

தகட்டின் மேற்பரப்பும் கவனம் கேட்கும். ஆல்கிளாட் எனப்படும் இந்தத் தகட்டில் வலிமையான கலவைக்கு மேல் தூய அலுமினியம் மெல்லியதாகப் போர்த்தியிருக்கும். 0.025 அங்குலத் தகட்டில் அந்தப் போர்வை ஒரு பக்கத்துக்குச் சுமார் 0.03 மில்லிமீட்டர்தான். துருவிலிருந்து காப்பது அதுவே. நகத்தில் சிக்கும் ஆழமான கீறல் அதைத் தாண்டிவிட்டது என்று பொருள். தேய்த்துச் சமமாக்கிப் பிரைமர் அடிக்க வேண்டும். தகட்டோடு வரும் நீலப் பிளாஸ்டிக் உறையைப் பாதுகாப்புக்கென ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பது தவறு. ஈரம் அதற்கடியில் தங்கி அரிக்கும். ரிவெட் வரிசை வரும் இடங்களில் மட்டும் உறையை நீக்கி வேலை செய்துவிட்டு, மிச்சத்தையும் சில மாதங்களுக்குள் எடுத்துவிடுவது நல்லது.

எரிபொருள் டாங்க் பலரும் அஞ்சும் கட்டம். ஆர்வி விமானங்களில் இறக்கையின் முன்விளிம்பே டாங்க். ஒவ்வொரு ரிவெட்டும் கசியக்கூடிய ஓர் ஓட்டை. பாலிசல்பைட் சீலன்ட் என்னும் கசிவடைக்கும் பசையை எடைக்கணக்கில் பத்துக்கு ஒன்று என்று கலக்க வேண்டும். கண்ணளவில் கலந்தால் இறுகவே இறுகாமல் போகலாம். கலந்தபின் இரண்டு மணி நேரம் வரைதான் வேலைக்கு ஆகும் என்பதால் சிறு சிறு அளவாகக் கலப்பதே புத்திசாலித்தனம். ஒட்டும் பரப்பைச் சொரசொரப்பாக்கி, கரைப்பானால் துடைக்க வேண்டும்; கரைப்பான் தானாக உலர்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் வழித்தெடுக்க வேண்டும். தானாக உலரவிட்டால் கரைந்த எண்ணெய்ப்பசை அங்கேயே படிந்துவிடும். கசிவு பெரும்பாலும் பின் தடுப்புத் தகட்டின் மூலைகளிலும் பொருத்திகளிலும்தான் வரும். சோதிக்க, எல்லா வாயையும் அடைத்து மெல்லிய அழுத்தத்தில் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம், ஏறக்குறைய எழுபது சென்டிமீட்டர் நீர்மட்டத்துக்குச் சமம். ஆகவே தண்ணீர் நிரப்பிய யூ வடிவக் குழாயின் ஒரு முனையை டாங்கில் இணைத்து மறுமுனையைத் திறந்துவைத்தால் அதுவே அளவுமானி, அதுவே பாதுகாப்பு வால்வு. அழுத்தம் மீறினால் டாங்க் வீங்குவதற்குப் பதில் தண்ணீர் வெளியே கொட்டிவிடும். கம்ப்ரஸரை நேரடியாக மாட்டக் கூடாது. அறை வெப்பம் மாறினாலும் நீர்மட்டம் ஏறி இறங்கும். அதைக் கசிவென்று எண்ணி டாங்கைப் பிரித்துவிடக் கூடாது.

எரிபொருள் குழாய் இணைப்புகளில் குழாயின் முனையைக் கூம்பாக விரிப்பார்கள்; விமானத்துக்குரிய விரிவுக் கோணம் 37 பாகை. கார் பட்டறைக் கருவி 45 பாகை தரும். இரண்டும் கையில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், இறுகவும் செய்யும், பிறகு விரிசல்விட்டுக் கசியும். போல்ட்டுகளிலும் இதே கவனம். 3/16 அங்குல விட்டமுள்ள ஏஎன்3 போல்ட்டுக்கு 20 முதல் 25 அங்குலப் பவுண்டு முறுக்குதான் விதி, அதோடு பூட்டு நட்டின் உராய்வையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கைப்பலத்தில் இறுக்குபவர்கள் எளிதாக அதைத் தாண்டிப் போல்ட்டை இழுத்துவிடுவார்கள். சுழலும் மூட்டுகளில், உதாரணமாகக் கட்டுப்பாட்டுத் தண்டுகளின் முனைகளில், போல்ட்டே திரும்ப வாய்ப்பிருந்தால் நைலான் பூட்டு நட் கூடாது. மேல் விளிம்பில் வெட்டுகள் உள்ள கோட்டை நட்டும், அந்த வெட்டின் வழியே செருகி மடக்கும் காட்டர் பின்னும்தான். முறுக்கு சரிபார்த்த ஒவ்வொரு நட்டிலும் வண்ண அரக்கால் ஒரு கோடு இழுத்துவைப்பது வழக்கம். கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது.

இங்கேதான் மற்றவர் வந்து பார்ப்பது முக்கியமாகிறது. தினமும் பார்க்கும் வேலையில் தன் தவறு தன் கண்ணுக்குத் தெரியாது. இஏஏ என்னும் எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷனை 1953-இல் மில்வாக்கியில் பால் போபெரெஸ்னி தொடங்கினார். அதன் தொழில்நுட்ப ஆலோசகர்கள் கட்டணமில்லாமல் வந்து வேலையைப் பார்த்துச் சொல்லும் தன்னார்வலர்கள். அவர்களை அழைக்க வேண்டிய நேரம், இறக்கையையும் உடலையும் தோல் போட்டு மூடுவதற்கு முன்பு. மூடியபின் அழைத்தால் அவருக்குப் பெயின்ட்தான் தெரியும். கனடாவில் இந்த மூடலுக்கு முந்தைய பரிசோதனை கட்டாயம். பிரிட்டனில் லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷனின் பரிசோதகர் கட்டம் கட்டமாகக் கையெழுத்திடுவார். அமெரிக்காவில் கட்டாயமில்லை. கடைசியில் வரும் எஃப்ஏஏ பரிசோதகரோ அவர் சார்பில் வருபவரோ ஆவணங்களையும் முடிந்த விமானத்தையும்தான் பார்ப்பார். மூடிய இறக்கைக்குள் அவரால் பார்க்க முடியாது.

பறக்கும் முன் இரண்டு அளவீடுகள். எடையும் சமநிலையும்: மூன்று சக்கரங்களுக்கும் அடியில் எடைக்கருவி வைத்து, விமானத்தைச் சமமட்டத்தில் நிறுத்தி, ஈர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்று கணக்கிட வேண்டும். பெயின்டுக்குப் பின் மீண்டும் எடை போட வேண்டும். எலிவேட்டர், எய்லெரான் போன்ற அசையும் கட்டுப்பாட்டுப் பரப்புகளில் ஏறிய பெயின்ட் அவற்றின் சமநிலையைக் குலைத்து, வேகத்தில் படபடக்கச் செய்து பிய்த்தெறியும் அபாயம் உண்டு. அடுத்தது எரிபொருள் ஓட்டம். மூக்கை ஏறும் கோணத்தில் தூக்கி வைத்து, கார்புரேட்டர் வாயில் எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். பம்ப் வைத்த அமைப்பில் முழு விசைத் தேவையின் 125 சதவீதமும், புவியீர்ப்பால் ஓடும் அமைப்பில் 150 சதவீதமும் வர வேண்டும். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்துகளில் எஞ்சின் தொகுதி செயலிழப்பும் பறக்கும்போது கட்டுப்பாட்டை இழப்பதுமே முன்னணியில் நின்றன. விமானத்தின் ஆரம்பப் பறத்தல்களில்தான் ஆபத்து குவிந்திருந்தது. எஞ்சின் செயலிழப்பு என்ற அந்த முதல் வகையில் சிலவற்றையாவது தரையிலேயே பிடித்துவிடுவது இந்த எரிபொருள் ஓட்டச் சோதனை.

கட்டுப்பாட்டை இழக்கும் இரண்டாவது வகைக்கு மருந்து பயிற்சி. ஆண்டுக்கணக்கில் கட்டுவதில் மூழ்கியவர் பறப்பதை மறந்திருப்பார். அதே ரக விமானத்தில் அதற்கென்று இருக்கும் ஆசிரியரோடு சில மணி நேரம் பறக்காமல் முதல் பறத்தலுக்குப் போகவே கூடாது. ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம். இலேசான விமானம் எதிர்பாராமல் எழும்பிவிடும், பிறகு குழப்பத்தில் இறக்குவார்கள். புது எஞ்சினுக்கும் நீண்ட தரை ஓட்டம் கெடுதல். ஆரம்ப மணிகளில் அதிக விசையில் ஓடினால்தான் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரில் படிந்து உட்காரும். குறைந்த விசையில் சூடாக ஓடினால் சிலிண்டர்ச் சுவர் மெழுகிட்டது போல் வழவழத்து, எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கும்.

முதல் கட்டச் சோதனைப் பறத்தல், சான்றிதழ் பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் இணைந்ததாக இருந்தால் பொதுவாக 25 மணி, இல்லையேல் 40 மணி. குறித்த எல்லைக்குள்தான் பறக்க வேண்டும், பயணி கூடாது. மணிக் கணக்குக்குப் பதில் வகுத்த சோதனைகளை முடித்துக் கையேடு தயாரிக்கும் வழியும் இப்போது உண்டு. 2014 முதல் தகுதியுள்ள இரண்டாவது விமானியை உடன் ஏற்றிக்கொள்ளவும் அனுமதி இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தயங்க வேண்டாம். முதல் பறத்தலைத் தானே செய்ய வேண்டும் என்ற ஆசை இயல்பானதுதான். ஆனால் அந்த ரகத்தில் நிறையப் பறந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது ஆசையைக் குறைப்பதில்லை.

இந்தக் கட்டம் தாண்டியதும் திறக்கும் உலகம் பெரிது. சனிக்கிழமைக் காலை உணவுக்கு வேறொரு விமானதளத்துக்குக் கூட்டாகப் பறப்பது, இஏஏ கிளையில் ஒருவர் மற்றவருக்கு பக்கிங் பார் பிடித்துக் கொடுப்பது, 1992 முதல் நடக்கும் யங் ஈகிள்ஸ் திட்டத்தில் பிள்ளைகளை இலவசமாக ஏற்றிப் பறப்பது என்று எத்தனையோ. உச்சம், ஜூலை இறுதியில் விஸ்கான்சினின் ஆஷ்காஷ் நகரில் நடக்கும் இஏஏ திரளல். 1970 முதல் அங்கேதான். ஏறக்குறைய பத்தாயிரம் விமானங்கள் வந்து சேரும். போகிறவர்கள் அந்த ஆண்டுக்கான அறிவிப்பை வரிவரியாகப் படித்து, அச்சிட்டு மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கமான முறை இது: ரிப்பன் ஊரிலிருந்து ரயில் பாதையை ஒட்டி, 1,800 அடியில், மணிக்கு 90 கடல் மைல் வேகத்தில், அரை மைல் இடைவெளியில் ஒற்றை வரிசை. வழியிலுள்ள ஃபிஸ்க் என்ற ஊரில் தரையில் இருக்கும் கட்டுப்பாட்டாளர் உங்கள் விமானத்தை நிறத்தாலும் வடிவத்தாலும் அழைப்பார். ரேடியோவில் பதில் சொல்லாமல் இறக்கையை ஆட்டிக் காட்ட வேண்டும். ஓடுபாதையில் வரைந்திருக்கும் வண்ணப் புள்ளிகளில் சொன்ன புள்ளியில் இறங்க வேண்டும். ஆகவே மெதுவாக, நேர்த்தியாக, ஒரு குறியில் இறக்கும் பயிற்சியை ஊரிலேயே முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கட்டியவருக்குக் கிடைக்கும் நடைமுறைப் பலன் இன்னொன்று: ரிப்பேர்மேன் சான்றிதழ். பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய நிலைப் பரிசோதனையைத் தன் விமானத்துக்குத் தானே செய்து கையெழுத்திடலாம். விமானத்தை விற்றால் இந்த உரிமை வாங்குபவருக்குப் போகாது. அவர் அதற்குத் தகுதி பெற்ற ஒருவரைத் தேட வேண்டியிருக்கும். மேலே சொன்ன ஆய்வில் 2011-ஆம் ஆண்டு விபத்துகளில் பாதிக்கும் மேல், பிறர் கட்டியதை வாங்கிப் பறந்தவர்களுடையவை. ஆகவே கட்டிய விமானத்தை வாங்குபவர், அதே ரகத்தைக் கட்டி முடித்த ஒருவரை உடன் அழைத்துப் போக வேண்டும். மூடிகளைக் கழற்றச் சொல்லி, காட்டர் பின்கள், வண்ணக் கோடுகள், டாங்க் மூலைகள், எஞ்சின் பக்கத்து எரிபொருள் குழாய்கள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, கட்டுமானக் குறிப்பேட்டையும் எடை அறிக்கையையும் கேட்க வேண்டும். குறிப்பேடு இல்லை என்று பதில் வந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்க வேண்டாம்.